துள்ளாத பலூன்

செத்தவனின் எடை எழுபத்திரண்டு கிலோ. அவனைப் பற்றி எல்லோரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். பலூனில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொருவரையும் எடை மேடையில் நிறுத்தி எழுதிக்கொள்வது அந்தச் சுற்றுலாக் கம்பெனியின் வழக்கம். முதலாளியின் மகன் என்றாலும் விலக்கில்லை.

மற்றதெல்லாம் தகராறு. பதினோரு நாளுக்கு முன், காலை ஆறே முக்காலுக்கு, தொள்ளாயிரம் அடி உயரத்தில், கூடையிலிருந்து அவன் தானாகவே குதித்தான் என்று அப்பாவும் அண்ணனும் சொன்னார்கள். கூடையில் இருந்தவர்கள் அந்த மூன்று பேர் மட்டும்தான். பெற்றவரும் கூடப் பிறந்தவனும் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னால் போலீஸ் என்ன செய்யும்? எழுதிக்கொண்டு போய்விட்டது. ஏன் குதித்தான் என்ற கேள்விக்கும் அவர்களே பதில் வைத்திருந்தார்கள். பெண்டாட்டி சரியில்லை.

அந்தச் சரியில்லாத பெண்டாட்டி இப்போது தராசின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

தராசு என்பது பட்டப்பெயர். எடை அளவு இன்ஸ்பெக்டராகப் பதினான்கு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, எடைக்கல்லின் அடியில் ஓட்டை போட்டவர்களையெல்லாம் பிடித்துக் கொடுத்தவள். வேலையை விட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்த பிறகும் பெயர் அவளை விடவில்லை. உதவியாளனின் பெயர் வால். முப்பத்து மூன்று வயதாகியும் வால்தனம் அடங்காததால் அதுவும் நிலைத்துவிட்டது.

"இன்னைக்குப் பதினோரு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம்" என்றாள் அந்தப் பெண். "அவர் சாவுக்கு நான்தான் காரணம்னு எழுதியிருக்காங்க. பாப்பா தாத்தாகிட்டயே வளரும், நான் அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டேன்னும் எழுதியிருக்காங்க. போடலைன்னா, நான் கொடுமைப்படுத்திச் சாகடிச்சேன்னு போலீசுல குடுப்பாங்களாம்."

"பாப்பாவுக்கு எத்தனை வயசு?"

"ஆறு. பதினோரு நாளா கண்ணுலயே காட்டல. நேத்து போன்ல மட்டும் பேச விட்டாங்க." அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "'ஏம்மா அப்பாவத் தள்ளிவிட்டே?'ன்னு கேட்டுச்சு."

வால் டீ கிளாஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

தராசுக்கு ஆறுதல் சொல்ல வராது. கேள்வி கேட்கத்தான் வரும். "உங்க வீட்டுக்காரருக்கு அங்க என்ன வேலை?"

"துணி வேலை. பலூன் துணியத் தைக்கிறது, ஒட்டுப் போடறது, பரிசோதிக்கிறது. போன மாசம் சிவப்பு பலூனோட உச்சித் துணியில ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பாத்தாரு. கிழிஞ்சிருச்சு. வெயில் ஏறின பிறகும் ஆள நெருக்கி ஏத்திப் பறக்கவிட்டு, சூட்டுல உச்சி வெந்து போச்சுன்னாரு. உச்சிய மாத்துங்க, இல்லைன்னா லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதிப் போட்டுருவேன்னு மாமாகிட்ட சொன்னாரு."

"மாமா என்ன சொன்னாரு?"

"துணி நல்லாத்தான் இருக்கு, உன் கைதான் சரியில்லைன்னாரு. நீயே வந்து பாருன்னு சொல்லி கடைசி நாள் காலையில அவரையும் அவர் அண்ணனையும் அதே பலூன்ல ஏத்திட்டுப் போனாரு."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை வாயைத் திறந்ததால்தான் செத்தான் போலிருக்கிறது.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். அதில் ஒரே ஒரு கோடு. "கூடையில ஒரு சின்ன டப்பா இருக்கும். எவ்வளவு உயரத்துல போறோம்னு நொடிக்கு நொடி பதிஞ்சுக்கும். இறங்கினதும் எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தானா வந்துரும், அவர்தான் அப்படிச் செஞ்சு வச்சிருந்தாரு. அன்னைக்கும் வந்துச்சு. அவர் வரல. கோடு மட்டும் வந்துச்சு."

கோடு தரையிலிருந்து ஏறியது. தொள்ளாயிரம் அடியில் மட்டமாக ஓடியது. ஓரிடத்தில் நான்கு நொடிக்கு லேசாகச் சரிந்தது. திரும்பவும் மட்டம். அப்புறம் மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

"ஈசிஜி மாதிரி இருக்கு மேடம்" என்றான் வால். "ஆனா ஆள் செத்த இடத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல."

தராசு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லு."

"ஒண்ணுமே இல்லைன்னேன்."

"ஒரு தட்டுல இருந்து எழுபத்திரண்டு கிலோவ எடுத்தா, அந்தத் தட்டு என்ன ஆகும்?"

"டங்குன்னு மேல போகும்."

"இந்தக் கோட்டுல எங்கயாவது டங்கு இருக்கா?"

வால் தாளைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கமும் பார்த்தான். எங்கும் இல்லை.

*

பறக்கும் மைதானத்தில் மஞ்சள் நிறச் சின்ன பலூன் ஒன்று பாதி எழுந்து நின்றது. பெரிய மின்விசிறி ஒன்று அதன் வாய்க்குள் காற்றை ஊதித் தள்ளி முடித்திருந்தது. கூடைக்கு மேலே இருந்த அடுப்பு தீயைக் கக்க, துணி முழுசாக நிமிர்ந்தது. அதை ஓட்டப்போகிறவளை எல்லோரும் பைலட் அக்கா என்றார்கள். புருவம் இரண்டும் பாதி கருகியிருந்தது.

"உள்ள என்ன வாயு அடைக்கிறீங்கக்கா?" என்றான் வால்.

"காத்துதான். நீங்க மூக்கால இழுக்கற அதே காத்து. சூடு பண்ணினா விரியும். விரியறது இடம் பத்தாம கீழ் வாய் வழியா கொஞ்சம் வெளிய போயிரும். மிச்சம் இருக்கறது லேசு. சுத்தி இருக்கற குளிர்ந்த காத்து கனம். கனமானது கீழ வரப் பாக்கும், லேசானத மேல தள்ளும். தண்ணிக்குள்ள பந்தை அமுக்கி விட்டா வருமே, அதேதான்."

"அப்ப தூக்கறது உள்ள இருக்கற காத்து இல்ல. வெளிய இருக்கறது."

"பரவால்லையே! இந்தச் சின்ன பலூனுக்குள்ள இருக்கற சூடான காத்தை எடை போட்டாலே ரெண்டு டன் வரும். வெளிய அதே அளவு காத்து, அதைவிட அரை டன் கூட வரும். அந்த அரை டன் வித்தியாசத்துலதான் நாங்க பொழைக்கிறோம். வெயில் ஏறிட்டா வெளிக் காத்தும் லேசாயிரும், வித்தியாசம் குறைஞ்சிரும். தூக்கணும்னா இன்னும் எரிக்கணும். உச்சி கருகும்."

"எடைக்கு எடை கணக்கு" என்றாள் தராசு. அவள் முகத்தில் பழைய உத்தியோகக் களை வந்திருந்தது. "எங்க ஆளையும் கொஞ்சம் கூடையில ஏத்திக்குங்க. ஆசைப்படறான்."

வால் ஆசைப்படவே இல்லை. இருந்தாலும் ஏறினான். ஏற்கெனவே உள்ளே பைலட் அக்காவும் இரண்டு ஊழியர்களும் இருந்தார்கள். கீழே நான்கு பேர் கூடையின் விளிம்பை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அடுப்பு இன்னும் இரண்டு முறை சீறியது. கூடை தரையை விட்டு ஒரு சாண் எழுந்து, போகவும் மனசில்லாமல் இருக்கவும் மனசில்லாமல் ஆடியது. தராசு தன் காதைச் சொறிந்தாள். வரும் வழியில் பேசிவைத்த சைகை அது. வால் கூடையைத் தாண்டிக் குதித்தான்.

கூடை துள்ளியது. பிடித்திருந்த நான்கு பேரில் இரண்டு பேரின் கால் தரையில் இல்லை. ஒருவன் கத்தினான். பைலட் அக்கா ஒரு சிவப்புக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். தலைக்கு மேலே உச்சியில் வட்டமாக ஒரு மூடி திறந்து, துணி படபடவென்று அடித்தது. கூடை திரும்பி வந்து தரையில் மோதியது.

"அறிவிருக்காய்யா உனக்கு!" அவள் கையை ஓங்கிவிட்டாள். "நான் சொல்லாம எவனும் கூடைய விட்டு இறங்கக் கூடாது! உன் ஒருத்தனால நாலு பேர் மேல போயிருப்பாங்க!"

"நான் எழுபது கிலோதான்க்கா" என்றான் வால் மண்ணில் உட்கார்ந்தபடி. "மேடம், அடுத்த தடவை நீங்க குதிங்க. நான் காதைச் சொறியறேன்."

தராசு மன்னிப்புக் கேட்கவில்லை. "சரியா எப்படி இறக்கணும்? ஒரு தடவை காட்டுங்க."

பைலட் அக்கா முறைத்துக்கொண்டே காட்டினாள். அடுப்பை இரண்டு முறை எரித்து, கூடை லேசானதும் சிவப்புக் கயிற்றை இழுத்தாள். உச்சி திறந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணினாள். கூடை அமுங்கியது. "ம், இப்ப!" என்றாள். ஓர் ஊழியன் இறங்கினான். கூடை அசையவே இல்லை.

"ஒரு ஆள் எடை எவ்வளவோ, அவ்வளவுக்குச் சூட்டை முன்கூட்டியே வெளிய விட்டுரணும். அப்புறம்தான் ஆள். இதுக்கெல்லாம் யோசிக்கறதே இல்ல, கை தானாப் போகும், வாய் தானாச் சொல்லும்."

"யார் கத்துக்குடுத்தது?"

"பெரியவர்தான். முதலாளி. இழுக்க மறந்தா அதே கயித்து நுனியால முதுகுல ஒண்ணு விழும்."

தராசு அந்தத் தாளை நீட்டினாள். பைலட் அக்கா கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். நான்கு நொடிச் சரிவில் விரல் நின்றது. பிறகு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டாள்.

"பெரியவர் இதைப் பாத்துட்டாரா?"

"இனிமேதான். சிவப்பு பலூன் எங்க இருக்கு?"

"கிடங்குல. நாளைக்கு அதுல பத்து பேர் பதிவு பண்ணியிருக்காங்க." அவள் கிடங்குப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "நான் எதுவும் சொல்லல மேடம்."

"சொல்லல. போலீசுக்கு மட்டும் ஒரு போன் போட்டுருங்க, பதினோரு மணிக்கு வரச் சொல்லி."

*

ஆபீஸ் அறையில் மூன்று நாற்காலி, ஒரு இரும்பு பீரோ, மேஜையில் கையெழுத்துக்குத் தயாராக அந்தக் காகிதம். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். முதுகு வளையவில்லை. புறங்கையில் பழைய தீக்காயங்கள். பக்கத்தில் மூத்த மகன். கம்பெனியின் மேனேஜர் அவன்தான். பதினோரு நாள் அழுத கண்ணின் வீக்கம் இன்னும் வடியவில்லை.

"இவங்க யாரு?" என்றார் பெரியவர் மருமகளிடம்.

"சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருக்கோம்" என்றாள் தராசு. "என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்காம சாட்சி போடக் கூடாதில்லையா? ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன். கூடையில யார் எங்க நின்னீங்க?"

"நான் நடுவுல, அடுப்புக்குக் கீழ. இவன் இந்த மூலை, அவன் அந்த மூலை. நான் அடுப்பைப் பாத்துட்டு இருந்தேன். திரும்பறதுக்குள்ள போயிட்டான்." சொல்லும்போது குரல் சரியான இடத்தில் உடைந்தது.

"சிவப்புக் கயிறை இழுத்தீங்களா?"

"அவன் விழுந்த பிறகு. இறங்கணுமே."

"பதட்டத்துல உங்க பெரிய பையன் இழுத்திருக்கலாமோ?"

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவனா? இவனுக்குப் பேனா பிடிக்கத்தான் தெரியும். என் பலூன்ல என் கையத் தவிர வேற கை அந்தக் கயித்துல பட்டதே இல்ல. எழுதிக்கங்க."

"எழுதிட்டேன் சார்" என்றான் வால். "கமாவோட."

தராசு கோட்டை விரித்தாள். அவசரப்படாமல் சொன்னாள். எழுபத்திரண்டு கிலோ கூடையை விட்டுப் போனால் பலூன் துள்ளியே ஆக வேண்டும். விழுந்த பிறகு கயிற்றை இழுத்திருந்தால், முதலில் துள்ளல், அப்புறம் இறக்கம் என்று கோட்டில் இருக்கும். இதில் துள்ளலே இல்லை. முதலில் நான்கு நொடி சரிவு, அப்புறம் மட்டம். ஒரு ஆள் இறங்கப் போகிறான் என்று தெரிந்து, அவன் எடைக்குச் சரியாகச் சூட்டை முன்கூட்டியே வெளியே விட்டிருக்கிறார்கள்.

"தானா குதிக்கறவர், குதிக்கப் போறேன்னு நாலு நொடி முன்னாடி சொல்லிட்டா குதிச்சாரு?"

மூத்தவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"நான்தான் தள்ளினேன்."

"உக்காருடா" என்றார் பெரியவர்.

"முடியலப்பா. பதினோரு நாளா முடியல." அவன் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினான். முகத்தைப் பார்க்கவில்லை, அவள் செருப்பைப் பார்த்துப் பேசினான். "துணி சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான். அவன் ஆபீசுக்கு எழுதினா நான்தான் ஜெயிலுக்குப் போவேன்னு முந்தின நாள் அப்பா சொன்னாரு. உன்னை உள்ள தள்ளிட்டு அவன் இந்த நாற்காலியில உக்காரப் போறான்னாரு. மேல போனதும் கேட்டேன். எழுதத்தான் போறேன்னான். கோவம் வந்துருச்சும்மா. சட்டையைப் பிடிச்சிட்டேன்."

அவள் கத்தவில்லை. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

பெரியவர் காகிதத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு அழகாகப் பெருமூச்சு விட்டார். "சரி. தெரிஞ்சு போச்சு. கோவத்துல செஞ்சுட்டான். ஒருத்தன் போயிட்டான், இன்னொருத்தனையும் தூக்குக்கு அனுப்பச் சொல்றீங்களா? தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும். அப்பன் மறைச்சேன். தப்புதான்."

வால் நோட்டை மூடினான். பேனாவையும் மூடினான்.

"திற" என்றாள் தராசு. "இன்னும் எடை போட்டு முடியல."

அவள் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவத்துல தள்ளினாருன்னா, தள்ளப் போறோம்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? கயித்துல உங்க கையத் தவிர வேற கை பட்டதில்லைன்னு சொன்னீங்களே."

மூத்தவன் மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினான். கணக்கில் மந்தமான பையனுக்கு விடை புரிவதைப் போல, அவன் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"மேல துணி அடிச்சிக்கிற சத்தம் கேட்டுச்சு" என்றான். "எங்களப் பிரிக்கத்தான் பலூனை இறக்கறீங்கன்னு நினைச்சேன். சட்டைய விட்டுரலாம்னு கூட நினைச்சேம்பா. அப்பதான் நீங்க…"

"என்ன சொன்னாரு?" என்றாள் தராசு.

"'ம், இப்ப'ன்னாரு."

வால் மைதானப் பக்கமிருந்த ஜன்னலைப் பார்த்தான். அவன் முழங்காலில் இன்னும் அந்த மண் ஒட்டியிருந்தது.

"சொன்னதும் என் கை தள்ளிருச்சு" என்றான் மூத்தவன். "உங்க குரல் கேட்டா செஞ்சுதாம்பா பழக்கம்."

பெரியவர் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. புறங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒண்ணு" என்றாள் தராசு. "பலூன் துள்ளினா துள்ளட்டும்னு விட்டிருக்கலாமே. விட்டிருந்தா இந்தக் கோடு உங்களுக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கும். தானா குதிச்சான்னு எல்லாரும் நம்பியிருப்பாங்க. ஏன் இழுத்தீங்க?"

பெரியவர் தாளில் இருந்த கோட்டையே குனிந்து பார்த்தார்.

"நான் சொல்லட்டுமா? மூணு பேர் லேசான பாரம். மெதுவாப் போனா உச்சி தாங்கும். சட்டுனு மேல தூக்கினா, காத்து மேலேர்ந்து அமுக்கும், வெந்த துணி பிய்ஞ்சிரும், நீங்களும் செத்துருவீங்க. உங்க சின்னப் பையன் சொன்னது நிஜம்னு உங்களுக்குத் தெரியும். வேற யாரும் அவர் பேச்சை நம்பல. நீங்க நம்புனீங்க, உங்க உயிரையே பணயம் வச்சு நம்புனீங்க. நம்பிட்டுத்தான் அவரைக் கொன்னீங்க. அதே துணியிலதான் நாளைக்குப் பத்து பேர்."

பெரியவர் தலையைத் தூக்கினார். மருமகளைப் பார்க்கவில்லை. தராசையும் பார்க்கவில்லை. எதிரே நின்று குலுங்கி அழுதுகொண்டிருந்த மூத்த மகனை, மேலிருந்து கீழ்வரை, எடை மேடையில் நிற்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரெண்டுல ஒண்ணு போதும்னு இருந்தேன்" என்றார். "தப்பானத வச்சுக்கிட்டேன்."

*

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. சிவப்பு பலூனை அதன் பையோடு ஏற்றினார்கள். மூத்தவனை ஏற்றினார்கள். பெரியவர் யார் கையும் படாமல் தானே ஏறினார்.

கையெழுத்து விழாத காகிதம் மேஜையிலேயே கிடந்தது. மருமகள் அதைக் கிழிக்கக்கூட நிற்காமல், ஆபீசுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு ஓடினாள். தராசும் வாலும் பின்னால் போனார்கள். மாடி அறையில் ஜன்னலோரம் பாப்பா நின்றிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. ஓரடி பின்னால் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

"நான் தள்ளல கண்ணு" என்றாள் அவள், முழங்காலிட்டு. "சத்தியமா அம்மா தள்ளல."

குழந்தை அவள் முகத்தையே ஆராய்ந்தது. நேரமெடுத்து ஆராய்ந்தது. பிறகு வந்து அவள் தோளில் சாய்ந்தது. அவள் அதை இறுக்கித் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப யாரும்மா தள்ளினா?"

கீழே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. பாப்பா அம்மாவின் தோளுக்கு மேலாக ஜன்னலை எட்டிப் பார்த்தது. பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"தாத்தா! டாட்டா!" என்று கத்திக்கொண்டு, ஜீப் தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டியது.

அந்தக் கையைப் பிடித்து இறக்க அவளால் முடியவில்லை.